மூன்றாண்டுத் திட்டத்தில் முப்பதாண்டு மின்முனை

2024 ஜனவரி இறுதியில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், நோலண்ட் ஆர்பா என்ற இளைஞரின் மூளையில் நியூராலிங்க் நிறுவனம் தன் கருவியைப் பதித்தது. கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்திருந்த அவர், எண்ணத்தால் மட்டுமே திரைச்சுட்டியை நகர்த்திச் சதுரங்கம் ஆடியதை மார்ச் மாதத்தில் உலகம் நேரலையில் கண்டது. ஏறத்தாழ அதே வாரங்களில் அவர் மூளைக்குள் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. 64 மெல்லிய நூல்களில் 1,024 மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்தன. அந்த நூல்களில் பல மூளைத் திசுவிலிருந்து மெல்லப் பின்வாங்கி வெளியேறின. மே மாதத்தில் நிறுவனம் இதை ஒப்புக்கொண்டது. ஏறத்தாழ 15 விழுக்காட்டு நூல்களே எஞ்சி இயங்கியதாகச் செய்தித்தாள்கள் எழுதின. எஞ்சிய சமிக்ஞையை வேறு முறையில் படிக்கும்படி மென்பொருள் மாற்றப்பட்டது. சுட்டி மறுபடி வேகமாக நகர்ந்தது. பொதுவெளியில் செய்தி அத்துடன் முடிந்தது.

ஆய்வுலகில் அது அத்துடன் முடிந்திருக்கக் கூடாது. ஏனெனில் அந்த நூல்கள் நீண்டகாலம் நிலைக்க வேண்டும் என்பதற்காகவே வளையும்படி வடிவமைக்கப்பட்டவை. பாலிஇமைடு என்ற பலபடிப்பொருளால் ஆனவை, தலைமுடியைவிட மெலிந்தவை. மூளையோடு சேர்ந்து அசைந்தால் மூளை அவற்றை அயலாராகக் கருதாது என்ற எண்ணத்தில் பிறந்தவை. விறைத்த மின்முனை தோற்கும், நெகிழும் மின்முனை நிலைக்கும் என்பது இத்துறையின் ஏறத்தாழ கால் நூற்றாண்டு நம்பிக்கை. அதில் பாதி மெய். மறு பாதியைப் பற்றிப் பேசத்தான் ஆள் குறைவு. நெகிழ்வு என்பது மின்முனையின் ஆயுளைத் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்று மட்டுமே. ஆயுளை உட்கார்ந்து அளக்கும் பொறுமை ஆய்வு அமைப்புக்கு இல்லாத வரை, எந்தப் பொருள் சிறந்தது என்ற விவாதம் அடித்தளமின்றியே நடக்கும்.

முதலில் மெய்யான பாதியைப் பார்க்கலாம். மூளைத் திசு ஏறத்தாழக் கெட்டித் தயிரின் பக்குவத்தில் இருப்பது. பொருளின் விறைப்பை அளக்கும் யங் குணகம் மூளைக்குச் சில கிலோபாஸ்கல் அளவில்தான் வரும். மின்முனை செய்யப் பயன்படும் சிலிக்கானுக்கோ அது ஏறத்தாழ 170 ஜிகாபாஸ்கல். இரண்டுக்கும் இடையே கோடிக்கணக்கான மடங்கு வேறுபாடு. மேலும் மூளை மண்டையோட்டுக்குள் அசையாமல் கிடக்கும் பொருளன்று. திரவத்தில் மிதக்கும் அது ஒவ்வொரு நாடித்துடிப்பிலும் ஒவ்வொரு மூச்சிலும் சில மைக்ரோமீட்டர் முதல் பத்துக்கணக்கான மைக்ரோமீட்டர் வரை இடம்பெயர்கிறது. எலும்போடு பிணைக்கப்பட்ட விறைத்த ஊசி அவ்வாறு அசையாது. ஆகவே திசு அதன் மீது உரசிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்துக்கொண்டால் ஓராண்டில் ஏறத்தாழ 3 கோடியே 68 லட்சம் உரசல்கள்.

உடல் இதைப் பொறுத்துக்கொள்வதில்லை. ஊசி நுழைந்த சில மணி நேரத்துக்குள் மைக்ரோகிளியா என்னும் காவல் அணுக்கள் அதைச் சூழத் தொடங்குகின்றன. அடுத்த சில வாரங்களில் ஆஸ்ட்ரோசைட் அணுக்கள் இறுகிப் பின்னி ஒரு வடுவுறையை எழுப்புகின்றன. ஒரு தனி நரம்பணுவின் துடிப்பைப் பிரித்துக் கேட்க வேண்டுமானால் மின்முனை அதிலிருந்து ஏறத்தாழ 100 மைக்ரோமீட்டர் தொலைவுக்குள் இருந்தாக வேண்டும். வடு படர்வதும் நரம்பணுக்கள் குறைவதும் ஏறத்தாழ அதே வட்டத்துக்குள்தான். மின்முனை இருக்கும், மின்சாரம் பாயும், கேட்பதற்கு அருகில் ஒருவரும் இருக்கமாட்டார்.

இதற்கு மாற்றாக வந்த நெகிழ்மின்முனைகளின் சாதனை சிறிதன்று. 2015இல் ஹார்வர்டில் சார்லஸ் லீபரின் குழு, சிரிஞ்சுக்குள் சுருட்டி உட்செலுத்தக்கூடிய வலைபோன்ற மின்னணுச் சுற்றை வெளியிட்டது. அடுத்த ஆண்டு அதே வகை வலையால் எலியின் மூளையில் அதே நரம்பணுக்களை எட்டு மாதங்கள் தொடர்ந்து பதிவுசெய்ய முடிந்தது. 2017இல் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் லான் லுவான், சோங் ஷீ ஆகியோரின் குழு ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் தடிமனுள்ள மின்முனைகளைச் சுற்றி வடுவே உருவாகவில்லை என்று காட்டியது. இவற்றைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது.

ஆயினும் சொல் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. இத்துறையின் கட்டுரைகளில் மென்மையும் நெகிழ்வும் ஒரே பொருளில் கலந்து வருகின்றன. மூங்கிற் கழி வளையாது, அதையே சீவிய சிம்பு வளையும், கூடையாகவும் முடையலாம். மூங்கில் மென்மையாகிவிட்டதா? இல்லை, மெலிந்திருக்கிறது. வளைவு விறைப்பு தடிமனின் மூன்றாம் படியைச் சார்ந்தது. தடிமனைப் பத்தில் ஒன்றாக்கினால் விறைப்பு ஆயிரத்தில் ஒன்றாகிறது. பாலிஇமைடு நூலும் அப்படிப்பட்டதே. பொருள் என்ற வகையில் அது மூளையைவிட இன்னும் பல லட்சம் மடங்கு விறைத்தது. மெலிவால் மட்டுமே வளைகிறது. மெலிவால் கிடைத்த நெகிழ்வுக்கு மெலிவின் விலையையும் கொடுத்தாக வேண்டும். அந்த விலை பின்னால் வருகிறது.

அதற்கு முன், தோற்றுவிட்டதாகக் கருதப்படும் விறைத்த மின்முனையின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்பது நல்லது. யூட்டா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் நார்மன் உருவாக்கிய சிலிக்கான் ஊசித்தொகுதி, நான்கு மில்லிமீட்டர் சதுரத்தில் நூறு ஊசிகள் நிற்கும் ஒரு சிறு முள்மெத்தை. இதைவிட விறைப்பான, மூளைக்கு ஒவ்வாத ஒன்றை வேண்டுமென்றே வடிவமைப்பதுகூடக் கடினம். ஆனால் 2015இல் பிட்ஸ்பர்க்கில் இத்தகைய தொகுதிகளைப் பதித்துக்கொண்ட நேதன் கோப்லேண்ட் பத்தாண்டுகளைக் கடந்தும் அவற்றைப் பயன்படுத்தினார். 2016இல் அதிபர் ஒபாமாவோடு இயந்திரக் கையால் முட்டி தட்டிக்கொண்டவர் அவரே. பிரெயின்கேட் ஆய்வில் 2004 முதல் 2021 வரை 14 பேர் மொத்தம் 12,203 நாட்கள் இக்கருவியோடு வாழ்ந்தனர். பாதுகாப்புக் காரணத்துக்காக ஒன்றைக்கூட அகற்ற நேரவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லச் சமிக்ஞை தரும் ஊசிகளின் எண்ணிக்கை குறைவது உண்மை. எனினும் மனித மூளைக்குள் நீண்டநாள் தாக்குப்பிடித்த பதிவுக்கருவி எது என்று கேட்டால், இன்றைய விடை அந்த முள்மெத்தைதான்.

2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைவிடவும் சிந்திக்க வைப்பது. 27 குரங்குகளில் பதித்த 78 யூட்டா தொகுதிகள் எப்போது, எதனால் செயலிழந்தன என்று பாரீஸும் டோனகியூவும் அவர்களது குழுவினரும் பொறுமையாகத் தொகுத்தனர். தோல்விகளில் பாதிக்கு மேல் முதல் ஓராண்டுக்குள்ளேயே நிகழ்ந்திருந்தன. மிகுதியான காரணம் திடீர் இயந்திரப் பழுது; அதிலும் பெரும்பங்கு மண்டைமேல் பொருத்திய இணைப்பானில் நேர்ந்த பழுது. மூளை காரணமன்று, வடு காரணமன்று, சிலிக்கானின் விறைப்பும் காரணமன்று. கம்பி சென்று சேரும் பிளக்குதான்! (எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் எந்தக் கருவி நின்றாலும் உதவியாளர் முதலில் பிளக்கை அசைத்துப் பார்ப்பது எத்துணை அறிவார்ந்த செயல் என்பதை இங்கே நினைவுகூரலாம்.) புதிய பலபடிப்பொருள் பற்றி எழுதப்படும் கட்டுரைகளோடு ஒப்பிட்டால் இணைப்பானைப் பற்றி எழுதப்படுபவை மிகச் சில. இணைப்பான் மீது கட்டுரை எழுதிப் பேராசிரியரானவர் எத்தனை பேர்?

இனி மெலிவின் விலை. முதற்சிக்கல் உட்செலுத்துவது. ஈர நூலைத் தயிருக்குள் நேராக இறக்க முடியாது, வளைந்து மடங்கிவிடும். ஆகவே நெகிழ்மின்முனைக்கு நுழையும் கணத்தில் மட்டும் ஒரு விறைப்பு வேண்டும். கரைந்துபோகும் சர்க்கரைப் பூச்சு, பாலிஎத்திலீன் கிளைக்கால் பூச்சு, தையல் இயந்திரம்போல் ஊசியால் குத்தி நூலை விட்டுவிட்டு ஊசி மட்டும் வெளியேறும் ரோபோ என்று வழிகள் பல. மூளையின் மேற்பரப்பில் படிய வைக்கும் தகடுகளுக்குப் பட்டுப் புரதத்தையே தாங்கியாக்கி, அது கரைந்ததும் மெல்லிய வலை மூளையின் மடிப்புகளில் தானே படியும்படி 2010இல் ஜான் ரோஜர்ஸின் குழு செய்துகாட்டியது அழகான தீர்வு. இவ்வகையில் உட்செலுத்தும் சிக்கல் ஓரளவு தீர்ந்துவிட்டது எனலாம்.

இரண்டாம் சிக்கல் பிடிமானம். ஆர்பாவின் மூளையில் நிகழ்ந்தது இதுவே. விறைத்த ஊசி திசுவை உரசினாலும் அதே உரசலால் அங்கேயே நிற்கும். வழுக்கும் நூலுக்கு அந்தப் பிடி இல்லை. அறுவைக்குப் பின் மண்டைக்குள் தங்கிய காற்றும் மூளை எதிர்பார்த்ததைவிட அதிகமாக இடம்பெயர்ந்ததும் காரணங்களாகக் கூறப்பட்டன. நூலின் ஒரு முனை எலும்போடு பிணைந்த கருவியிலும் மறுமுனை மிதக்கும் திசுவிலும் இருக்கும்போது, இழுவை எங்கே பலவீனமோ அங்கே வெளிப்படும். அடுத்த நோயாளிக்குச் செய்த மாற்றங்கள் கவனிக்கத்தக்கவை. கருவிக்கும் மூளைப் பரப்புக்கும் இடையிலான வெளியைக் குறைத்தனர். அறுவையின்போது மூளையின் அசைவைக் கட்டுப்படுத்தினர். அவருக்கு நூல்கள் பின்வாங்கவில்லை என்று நிறுவனம் அறிவித்தது. நூலின் பொருள் மாறவில்லை. அறுவை முறையும் கருவி அமரும் விதமும்தான் மாறின. நெகிழ்வு சிக்கலைத் தீர்க்கவில்லை, திசுவிலிருந்து நங்கூரத்துக்கு இடம்மாற்றியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மூன்றாம் சிக்கலே எல்லாவற்றிலும் கடினமானது: நீர். மூளைக்குள் வைக்கும் எதுவும் 37 பாகை வெப்பமுள்ள உப்புநீரில் ஆயுள் முழுதும் ஊறிக் கிடக்கப்போகிறது. இதயமுடுக்கியின் மின்சுற்றைத் தைட்டானியப் பெட்டிக்குள் அடைத்து நீரைத் தடுக்கலாம். ஐந்து மைக்ரோமீட்டர் நூலைப் பெட்டிக்குள் அடைக்க முடியாது. அதைக் காக்கும் பலபடிப்பொருள் உறையோ நீராவியைத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது; அத்தனை மெல்லிய படலத்தில் அந்தத் தாமதமும் சொற்பமே. உறையின் தடிமனைக் கூட்டினால் நெகிழ்வு போகும். குறைத்தால் காப்பு போகும்.

ஆனால் நீர் நுழைவதே அழிவு என்று முடிவுகட்டுவதும் தவறு. முதுகுத்தண்டுக் காயமடைந்தோரின் சிறுநீர்ப்பையை இயக்க 1970களில் லண்டனில் கைல்ஸ் பிரிண்ட்லி உருவாக்கிய நரம்புத்தூண்டிகள் வெறும் சிலிக்கோன் ரப்பரால் உறையிடப்பட்டவை. சிலிக்கோன் நீராவியைத் தாராளமாக உள்ளே விடுவது. அப்படியிருந்தும் அக்கருவிகளில் பல இருபதாண்டுகளுக்கு மேல் உழைத்தன. அவற்றை வடிவமைத்த பீட்டர் டொனால்ட்சன் கண்டுகொண்ட உண்மை இது: நீராவி நுழைவதால் கேடில்லை, உறைக்கும் உலோகத்துக்கும் இடையே ஓர் இடைவெளி கிடைத்து அங்கே அது நீராகத் தேங்கும்போதுதான் கேடு. ஒட்டுதல் முழுமையாக இருந்தால் தேங்க இடமில்லை. ஆகவே ஆயுளைத் தீர்மானிப்பதில் உறை எந்தப் பொருள் என்பதைவிட, உறையிடும் முன் பரப்பு எவ்வளவு தூய்மையாக இருந்தது என்பதற்குப் பங்கு அதிகமாக இருக்கலாம். அரைநூற்றாண்டுக்கு முந்தைய இந்தப் பாடம் இன்றைய நெகிழ்மின்முனை ஆய்வுகளில் போதிய அளவு ஒலிக்கவில்லை. தூய்மைப்படுத்தும் முறையை விவரிப்பது எந்த ஆய்விதழின் முகப்பையும் அலங்கரிக்காது என்பதால் இருக்கலாம்.

ஆயுளை எவ்வாறு அளப்பது? வழக்கமான முறை, மின்முனையைச் சூடான உப்புநீரில் ஊறவைப்பது. வெப்பம் பத்துப் பாகை உயர்ந்தால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்ற விதியைக் கொண்டு, 67 பாகையில் ஓராண்டு என்பது உடல் வெப்பத்தில் எட்டாண்டுக்குச் சமம் என்று கணக்கிடுவர். 2020இல் வெளிவந்த 1,008 மின்முனைகள் கொண்ட நெகிழ்தகடு ஒன்று, வெப்பத்தால் வளர்த்த சிலிக்கான் டையாக்சைடு படலத்தைக் காப்பாகக் கொண்டு குறைந்தது ஆறாண்டு தாங்கும் என்று இவ்வாறே மதிப்பிடப்பட்டது. நல்ல முயற்சி. ஆனால் உப்புநீர் மூளையாகாது. அயற்பொருளைச் சூழும் காவல் அணுக்கள் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றை உமிழ்ந்து அதை அரிக்க முயல்கின்றன. நாடித்துடிப்பு ஆண்டுக்கு மூன்றரைக் கோடிக்கு மேல் முறை அதை வளைக்கிறது. வெப்பம், பெராக்சைடு, வளைவு மூன்றையும் ஒருசேரச் சேர்த்து ஆண்டுக்கணக்கில் நடத்தும் சோதனையே வேண்டியது. பல கட்டுரைகள் காண்பிப்பதோ சில வாரச் சோதனையும் ஒரு நேர்கோட்டு நீட்டிப்பும்.

இவையெல்லாம் பொறியாளர்களின் கவலை, மொழித்துறையாருக்கு இதில் என்ன என்று கேட்கப்படலாம். இன்று மூளை மின்முனையின் மிக உயர்ந்த பயன்பாடாக முன்வைக்கப்படுவது பேச்சு. 2023 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டு குழு, பேச்சிழந்த ஒருவர் பேச முயலும்போது எழும் மூளைச் சமிக்ஞையை நிமிடத்துக்கு 62 சொற்கள் வேகத்தில் எழுத்தாக்கிக் காட்டியது. 1,25,000 சொற்கள் கொண்ட அகராதியில் சொற்பிழை 23.8 விழுக்காடு. அதே கட்டுரையின் அட்டவணையில் மேலும் இரண்டு எண்கள் உண்டு. அவை தலைப்புச் செய்தி ஆகவில்லை. மேம்பட்ட மொழிமாதிரியைப் பயன்படுத்திப் பின்னர் கணக்கிட்டபோது பிழை 17.4 ஆனது. அதோடு, பயிற்சி வாக்கியங்களுக்குக் கால அளவில் நெருங்கிய வாக்கியங்களைச் சோதித்தபோது பிழை 11.8 ஆகக் குறைந்தது. அதாவது, நல்ல மொழிமாதிரி எவ்வளவு பிழையைத் திருத்தியதோ ஏறத்தாழ அவ்வளவு பிழையைக் கால நெருக்கமும் நீக்கியது. பயிற்சி முடிந்து நேரம் செல்லச் செல்லச் சமிக்ஞை நழுவுகிறது. நிரல் கற்றது பழையதாகிறது. அந்த ஆய்வில் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கான வாக்கியங்களைக் கொண்டு நிரலுக்கு மறுபயிற்சி அளிக்க வேண்டியிருந்தது.

இதன் உட்பொருள் மொழிக்கு மொழி வேறுபடும். மின்முனை தரும் ஒலியன் வரிசையில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று பிழை. அதைச் சீர்படுத்தி ஆங்கில வாக்கியமாக்குவது கோடிக்கணக்கான ஆங்கிலச் சொற்றொடர்களில் பயின்ற மொழிமாதிரி. நழுவும் மின்முனைக்கு ஊன்றுகோல் அதுவே. அந்த ஊன்றுகோல் எல்லா மொழிக்கும் ஒரே உறுதியில் கிடைப்பதில்லை. ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கும்’ என்பது தமிழில் ஒரு சொல். இத்தகைய ஒட்டுநிலை மொழியில் ஒன்றேகால் லட்சம் வடிவங்கள் கொண்ட அகராதி எங்கும் போதாது. சந்தாலியில் வினைச்சொல்லின் வடிவங்கள் இன்னும் செறிவானவை. கணினி பயிலத்தக்க எழுத்துத் தரவோ மிகவும் குறைவு. ஒலிப்பிடம் அருகருகே உள்ள ஒலியன்கள் மூளைச் சமிக்ஞையிலும் அருகருகே அமைகின்றன என்பதும் அதே ஆய்வு காட்டியது. ல, ள, ழ மூன்றையும் நாநுனியின் சிறு வேறுபாட்டால் பிரிக்கும் மொழியில், மங்கும் சமிக்ஞையில் முதலில் கலங்கக்கூடியவை அத்தகைய வேறுபாடுகளே.

ஆகவே மொழிமாதிரி வலுவற்ற இடத்தில் மின்முனை வலுவாக இருந்தாக வேண்டும். ஆங்கிலம் பேசுவோருக்கு ஓராண்டு நிலைத்தன்மை போதுமென்றாலும், இந்திய மொழிகள் பலவற்றைப் பேசுவோருக்கு அது போதாமற்போகலாம். சான் பிரான்சிஸ்கோவில் எட்வர்ட் சாங்கின் குழு ஸ்பானியமும் ஆங்கிலமும் பேசும் ஒருவருக்கு இருமொழிக் கருவியை 2024இல் உருவாக்கியது வரவேற்கத்தக்கது. எனினும் அவ்விரண்டும் தரவு பெருகிய மொழிகள். நிலைத்த மின்முனை என்பது மொழிச்சமன்மையின் முன்நிபந்தனை என்று மொழியியலார் உரக்கச் சொல்ல வேண்டிய காலம் இது. செயற்கை நுண்ணறிவு வந்து எல்லாப் பிழையையும் திருத்திவிடும் என்று பொறியாளர் கூறும்போது, யாருடைய மொழியில் என்று திருப்பிக் கேட்கும் தகுதி அவர்களுக்கே உண்டு.

தடை எங்கே இருக்கிறது? அறிவில் குறைவு இருப்பதாகத் தெரியவில்லை; காலக்கணக்கில் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆய்வுதவித்தொகை இளநிலை ஈராண்டு, முதுநிலை மூன்றாண்டு என மொத்தம் ஐந்தாண்டு. பெரும்பாலான ஆய்வுத்திட்டங்களுக்கு நிதி மூன்றாண்டு. சோதனைக்கூட எலியின் ஆயுளே ஏறத்தாழ ஈராண்டு. இருபது வயதில் சாலை விபத்தில் கழுத்தெலும்பு முறிந்த ஒருவருக்கோ மின்முனை நாற்பதாண்டு தேவை. மூன்றாண்டுத் திட்டத்துக்குள் அடங்கும்படி ஒரு கேள்வியை வெட்டினால், எஞ்சுவது புதிய பொருள் ஒன்று, எலியில் சில வாரங்கள், பளபளப்பான வண்ணப்படம் ஒன்று. அடுத்த ஆய்வாளர் வேறொரு பொருளை எடுப்பார். பழைய மின்முனைகள் பெட்டிக்குள் போகும். 2025 ஏப்ரலில் பிரிசிஷன் நியூரோசயின்ஸ் நிறுவனத்தின் 1,024 மின்முனை கொண்ட மெல்லிய நெகிழ்தகட்டுக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. இசைவு அளித்தது, எத்தனை காலத்துக்கு? 30 நாட்கள் வரை. நிறுவனத்தைக் குறைகூறுவதற்காக இதைச் சுட்டவில்லை. சான்று எவ்வளவுக்கு உண்டோ அவ்வளவுக்கே இசைவு என்ற முறையில் அது நேர்மையான எண்.

நீண்டகாலச் சோதனை நிறுவனங்களின் வேலை, பல்கலைக்கழகம் புதுமையைத் தேடட்டும் என்று ஒரு மறுப்பு வழக்கமாக எழும். நிறுவனத்துக்குத் தன் தோல்வியை வெளியிடும் கடமை இல்லை; தொடர்ந்து உயிரோடிருக்கும் கடமையும் இல்லை. செகண்ட் சைட் நிறுவனத்தின் ஆர்கஸ் விழித்திரைக் கருவியை 350க்கும் மேற்பட்டோர் கண்ணில் பதித்துக்கொண்டனர். நிதி நெருக்கடியில் நிறுவனம் அக்கருவியைக் கைவிட்டபோது, பழுது பார்க்க ஆளின்றி அவர்கள் நின்றனர். இந்தியாவில் அரசுத் திட்டங்களால் காதொலிக் கருவி உட்பதிக்கப்பட்ட குழந்தைகளின் பெற்றோருக்கு இதன் சிறுவடிவம் பழக்கமானது. அறுவை இலவசம், சில ஆண்டுகள் கழித்துப் புறக்கருவியின் கம்பி அறுந்தால், உறுதிக்காலம் முடிந்தால், செலவு அவர்களுடையது. மூளை மின்முனை இங்கே வரும்போது, மறுஅறுவைக்கு நோயாளி பெருநகர மருத்துவமனைக்கு எத்தனை முறை வர இயலும் என்பதும் ஆயுட்கணக்கில் சேர வேண்டிய எண்.

இந்த நாட்டில் அவ்வகைப் பொறுமைக்கு முன்னுதாரணம் இல்லாமலில்லை. திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் செயற்கை இதய வால்வு உருவானபோது முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. ஒவ்வொரு முறையும் பொருளை மாற்றி, கோடிக்கணக்கான முறை திறந்து மூடும் தேய்மானச் சோதனையை மறுபடி முதலிலிருந்து தொடங்கினர். நான்காம் மாதிரி 1990 டிசம்பரில் முதன்முறை ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. ஒரு பதின்மத்துக்கு மேலான உழைப்பு அது. இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மார்புக்குள் அது இயங்குகிறது. அந்த மூன்று தோல்விகளையும் அந்நிறுவனம் தாங்கிக்கொண்டது, இன்றைய மதிப்பீட்டு முறையில் எந்தத் துறைத்தலைவராலும் தாங்கிக்கொள்ள முடியாத ஒன்று.

வால்வுக்குச் செய்ததை மின்முனைக்கும் செய்யலாம். அதற்குத் தொடக்கத்தில் மூளைகூடத் தேவையில்லை. வெப்பம் மாறாத நீர்த்தொட்டி, உப்புக்கரைசல், பெராக்சைடு, துடிப்பின் வேகத்தில் நூலை வளைக்கும் ஒரு சிறு இயக்கி, மின்தடையை அளக்கும் கருவி, மின்வெட்டின்போது தாங்கும் இன்வெர்ட்டர். எந்த மாநிலப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையும் இதை அமைக்கலாம். உலகெங்கும் செய்யப்படும் மின்முனைகளில் மாதிரிகளைப் பெற்று, பத்தாண்டு ஊறவைத்து, எது எந்த வாரத்தில் எந்த இடத்தில் உரிந்தது என்று எழுதி வெளியிடும் ஒரே ஓர் ஆய்வகம் இந்தியாவில் இருந்தால், புதுப்பொருள் கண்டுபிடித்த பத்து ஆய்வகங்களைவிட அது அதிகமாக மேற்கோள் காட்டப்படும்.

தடையாக நிற்பது ஆய்வுக்குழுக் கூட்டங்களில் எழும் ஒரு கேள்வி. முந்தைய ஆய்வாளர் நான்காண்டு நடத்திய தொட்டியை அடுத்தவர் ஏற்று மேலும் நான்காண்டு நடத்தினால், இதில் உங்கள் புதுமை என்ன என்று கேட்கப்படும். எட்டாம் ஆண்டின் தரவு என்று அவர் விடையளிக்கலாம். அதை ஓர் ஆய்வேட்டின் மைய இயலாக ஏற்றுக்கொள்ள எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் தனிச்சட்டம் தேவையில்லை. ஒரு துறைக்குழுவின் தீர்மானம் போதும்.